பிறப்புறுப்பு ஹெர்பிஸ்: வேறுபடுத்தி அறிதல்

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் 1, 2 ஆம் வகைகளால் வரும் பால்வினைத் தொற்று. முதலில் எரிச்சல் அல்லது குறுகுறுப்பு. பின்னர் கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள். அவை உடைந்து வலிமிக்க புண்களாகி, தானாகவே ஆறும். மறுபடியும் ஏறக்குறைய அதே இடத்தில் தோன்றக்கூடும். இப்படி வந்து மறைவதே முக்கிய அடையாளம்.

மாதக்கணக்கில் நீடிக்கும் மாற்றங்கள் பெரும்பாலும் வேறு நோய்களால் வருபவை. லைக்கன் ஸ்கிளிரோசஸில் தோல் வெளுத்து, மெலிந்து, கடுமையாக அரிக்கும். சொரியாசிஸில் விளிம்பு தெளிந்த செந்திட்டுகள் தோன்றும். இவ்விரண்டும் தொற்றுவதில்லை. குறிப்பிட்ட மருந்தை உட்கொள்ளும்போதெல்லாம் ஒரே இடத்தில் கருஞ்சிவப்புத் திட்டு எழுந்தால் அது மருந்து ஒவ்வாமையாகலாம். சிபிலிஸின் முதற்புண், ஹெர்பிஸ் புண்ணைப் போலன்றி, பொதுவாக வலிக்காது.

புதிய புண்ணிலிருந்து எடுத்த மாதிரியில் செய்யும் பி.சி.ஆர். சோதனை ஹெர்பிஸை உறுதிப்படுத்தும். ஆறாத புண்ணுக்குத் திசுத்துணுக்குச் சோதனை தேவைப்படலாம்.