தொழிலா? தளையா?

"ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொழிலைக் கற்றுக் கொடுங்கள், அவன் பிழைத்துக்கொள்வான்" என்று கூறாத அரசு இல்லை, கூறாத அறிஞர் இல்லை. நல்ல வாக்கு, மறுப்பார் யார்? கையில் தொழில் உள்ளவன் பிறரிடம் கையேந்த மாட்டான். ஆனால் அந்த வாக்கு செவியில் விழும்போதெல்லாம் நாம் கேட்டாக வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. எந்தத் தொழில்? அதைத் தேர்ந்தெடுத்தவர் யார்? கற்று முடித்த பின் வேலைக்குக் கதவு திறக்குமா? இம்மூன்றுக்கும் விடை தராத தொழிற்பயிற்சி ஏழையை உயர்த்துவதில்லை; இருக்கும் இடத்திலேயே இறுகக் கட்டிவைக்கிறது. இது வெறும் மேடை வாதம் அன்று. வரலாறு தந்துள்ள பாடம்.

பிறப்பைக் காட்டித் தொழிலை அடைத்துவைக்கும் வழக்கம் நம் நாட்டில் மட்டுமே இருந்தது என்று எண்ண வேண்டாம். பிரெஞ்சு நாட்டைப் பாருங்கள். மன்னராட்சிக் காலத்துப் பாரிசு நகரில், ரொட்டி சுடுவோர், தச்சர், தையற்காரர் எனத் தொழில்தோறும் சங்கங்கள் இருந்தன. சங்கத்தார் ஒப்பாமல் அத்தொழிலில் எவரும் கடை திறக்க இயலாது. ஆண்டுக்கணக்கில் பயிற்சியாளனாகப் பாடுபட வேண்டும். பிறகு கூலியாளாக உழைக்க வேண்டும். தன் திறமைக்குச் சான்றாகப் பெருஞ்செலவில் ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். அதன் மேல் கட்டணமும் கட்ட வேண்டும். முதலாளித் தொழிலாளியின் மகனுக்கோ பல சங்கங்களில் சலுகை! ஊரார் பிள்ளைக்கு மலை. உள்ளூர் முதலாளி பிள்ளைக்குப் படிக்கட்டு!

1776-இல், பதினாறாம் லூயியின் நிதியமைச்சர் தூர்கோ இச்சங்கங்களைக் கலைக்க ஆணை பிறப்பித்தார். எழுந்தது எதிர்ப்பு. அவ்வாண்டு மே மாதத்தில் அவர் பதவி போயிற்று. ஆகஸ்டில் சங்கங்கள் மீண்டும் உயிர் பெற்றன. பிறகு 1789-இல் புரட்சி வெடித்தது. 1791-இல் சங்கங்கள் ஒழிந்தன. விரும்பியவர் விரும்பிய தொழிலைச் செய்யலாம் என்று சட்டம் சொல்லிற்று.

ஏழை வாழ்ந்தானா? இல்லை! அதே 1791-இல் லெ சப்பெலியே கொண்டுவந்த சட்டம், தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி உயர்வு கேட்பதற்கும் தடை போட்டது. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை 1884-இல்தான் வந்தது. இலவசத் தொடக்கக் கல்வி 1881-இலும், கட்டாயக் கல்வி 1882-இலும் வந்தன. கதவைத் திறப்பது ஒன்று. உள்ளே நடந்து செல்லக் காலுக்கு வலுவூட்டுவது மற்றொன்று. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே பிரெஞ்சுத் தொழிலாளி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காத்துக் கிடந்தான்.

அங்கே தொழிலை அடைத்து வைத்தது சங்கத்தின் சட்டம். ஒரு சட்டமன்றம் கூடி அதை நீக்க முடிந்தது. இங்கோ, அதற்குக் கடவுளின் கட்டளை என்ற முத்திரை குத்தப்பட்டிருந்தது. செக்கு ஓட்டுபவன் மகன் செக்கோடு. சட்டி வனைபவன் மகன் சக்கரத்தோடு. பிறர் மலம் சுமப்பவர் மகன் அந்தக் கூடையோடு! வேதம் ஓதுவோர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏடும் எழுத்தும். இந்த ஏற்பாட்டுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே, குடியரசு நாட்டிலே, ஓர் அரசு ஆணை துணை வந்தது என்பதுதான் நம் வரலாற்றின் வியப்பு.

1952-இல் சென்னை மாநில முதலமைச்சரான ராஜகோபாலாச்சாரியார், 1953-இல் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். சிற்றூர்ப் பள்ளிகளில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமே படிப்பு. ஒரு பகுதிப் பிள்ளைகள் காலையில், மறு பகுதியினர் பிற்பகலில். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் கற்க வேண்டும். பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதவில்லை, பணமும் இல்லை, இம்முறையால் இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். கைத்தொழிலுக்கு மதிப்புக் கூடும் என்பது மற்றொரு வாதம்.

பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அதற்குக் கண்ட மருந்து என்ன? நகரத்துப் பிள்ளைக்கு முழுப் படிப்பு. நாட்டுப்புறத்துப் பிள்ளைக்கு அரைப் படிப்பு! வழக்கறிஞர் மகன் பிற்பகலில் நீதிமன்றம் போய்த் தொழில் பழகப் போவதில்லை. துணி வெளுப்பவர் மகன் துறைக்குப் போக வேண்டும். மாடு மேய்ப்பவர் மகன் மந்தைக்குப் போக வேண்டும். நிலமற்ற கூலியின் மகன் எங்கே போவான்? பண்ணைக்காரர் வயலுக்குத்தான்! தொழிற்கல்வி என்று பெயர்; நடந்திருக்கக் கூடியது பிள்ளை உழைப்பு.

பெரியார் இதனைக் குலக்கல்வி என்றார். அந்த ஒரு சொல் ஊரெங்கும் பரவிற்று. 1953 ஜூலையில் திராவிட முன்னேற்றக் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இத்திட்டத்துக்கு எதிரானது, ஈ.வெ.கி. சம்பத் தலைமையில் முதலமைச்சர் வீட்டு முன் மறியல் நடந்தது. அம்மாத இறுதியில் சட்டமன்றத்தில், திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவாக 138, எதிராக 138 என வாக்குகள் சரிபாதியாகப் பிரிந்தன. திட்டம் பருலேக்கர் குழுவின் ஆய்வுக்குப் போயிற்று. குழு திட்டத்துக்குச் சாதகமாகவே கருத்துரைத்தது. ஆயினும் மக்கள் மன்றம் ஏற்கவில்லை. ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு முற்றிற்று. உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி ஆச்சாரியார் விலகினார். 1954 ஏப்ரல் 13-இல் காமராசர் முதலமைச்சரானார். மே 18-இல், கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம், திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தார்.

இந்த வெற்றியின் முழுப் பொருள் அடுத்த பத்தாண்டுகளில்தான் விளங்கிற்று. 1955-இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிற்று. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1958-இல் கிண்டியில் தொழிற்பேட்டை. 1965-இல் திருச்சியில் பாரத மிகுமின் நிலையம். இவற்றுக்கெல்லாம் தேர்ந்த கைகள் தேவைப்பட்டன. எத்தகைய கைகள்? கடைசல் பொறியின் முன் நிற்பவன் வரைபடத்தைப் படிக்க வேண்டும். அளவுமானியில் மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கைப் பார்த்தறிய வேண்டும். தசமக் கணக்குத் தெரிய வேண்டும். தந்தையின் உலைக்களத்தில் சுத்தியல் பிடிக்கக் கற்கலாம். தசமப் புள்ளியைப் பள்ளியில்தான் கற்க முடியும். தொழிற்பயிற்சி நிலையங்களில் சேரப் பள்ளித் தேர்ச்சி கேட்டார்களேயன்றி, "உன் அப்பன் என்ன செய்தான்?" என்று கேட்கவில்லை. மூன்று மணி நேரப் பள்ளி நிலைத்திருந்தால், அந்த வாயிலில் எத்தனை சிற்றூர்ப் பிள்ளைகள் நின்றிருப்பர்? எண்ணிப் பாருங்கள்!

இன்னொன்றையும் எண்ண வேண்டும். ஏழைக் குடும்பம் பிள்ளையை வேலைக்கு அனுப்புவது அறியாமையால் அன்று. அடுப்பு எரிய வேண்டும் என்பதால். எட்டு வயதுப் பிள்ளை கொண்டுவரும் காலணாவும் அந்த வீட்டுக்கு வருமானம். ஆகவேதான் 1920-இல், பிட்டி தியாகராயர் தலைமையேற்றிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தந்தது. 1956-இல் காமராசர் பகலுணவை மாநிலம் முழுவதற்கும் கொண்டு சென்றார். அதைத் தருமம் என்று எண்ணுவோர் உண்டு. தருமம் அன்று அது. ஏழையின் பிள்ளைக்கு முழுநாள் பள்ளியை வாங்கித் தந்த விலை!

இனி மூன்றாம் கேள்வி. கற்றவனுக்குக் கதவு திறக்கிறதா? கோயில் கருவறையைப் பாருங்கள். கடவுள் இல்லை என்பார்க்கும் இதில் அக்கறை உண்டு. ஏனெனில் அது சம்பளம் தரும் பணி. பரம்பரை வழி அர்ச்சகர் நியமனத்தை நீக்க 1970-இல் கலைஞர் அரசு சட்டம் இயற்றிற்று. 2006-இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என ஆணையிட்டது. பயிற்சிப் பள்ளிகளும் அமைந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட இளைஞர் பயிற்சி முடித்தனர். முடித்துக் காத்திருந்தனர், ஆண்டுக்கணக்கில்! 2021 ஆகஸ்டில்தான் அவர்களில் 24 பேருக்கு ஒரே நாளில் பணி ஆணை கிடைத்தது. திறமை கையில் இருந்தும், பிறப்பு வாயிலில் நின்று வழி மறித்தது.

பழங்கதை முடிந்தது என்று இருந்துவிட முடியவில்லை. 2023 செப்டம்பர் 17-இல் இந்திய அரசு விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கிற்று. 18 தொழில்கள், பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவிகள் வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டியில் கடன். உதவி நல்லதே. ஆனால் குடும்ப வழியாக மரபுத் தொழில் செய்வோர்க்கே என்றது விதி. வயது வரம்போ பதினெட்டிலேயே தொடங்கிற்று. பதினெட்டு என்பது கல்லூரி வாயிலில் நிற்கும் வயது! அவ்வேளையில் கடனைக் காட்டிக் குலத்தொழிலுக்கு அழைப்பது யாருக்கு நன்மை? குடும்பத் தொழில் என்னும் விதியை நீக்குக, வயதை 35 ஆக்குக என்று தமிழ்நாட்டு அரசு கேட்டது. 2024 நவம்பரில், இவ்வடிவில் ஏற்பதற்கில்லை என்று எழுதிற்று. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தானே தொடங்கிற்று: 25 தொழில்கள், 35 வயது நிரம்பியோர், 3 இலட்சம் ரூபாய் வரை கடன், குலம் பற்றிய கேள்வி இல்லை. முப்பத்தைந்தில் ஒருவர் தம் தொழிலைத் தாமே தேர்ந்திருப்பார். அவருக்குத் தேவை கருவியும் முதலும். பதினெட்டில் இருப்பவர்க்குத் தேவை விரிந்த உலகம். வேறுபாடு இதுதான்.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அத்தொழிலிலிருந்து மீட்கப்படும் குடும்பத்தில் ஒருவருக்கு வேறு தொழிலில் பயிற்சி தர வேண்டும், பயிற்சிக் காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை தர வேண்டும் என்கிறது. அப்பன் தொழிலிலிருந்து வெளியேறுவதற்கே பயிற்சி! தொழிற்பயிற்சியின் உண்மை நோக்கத்தை இச்சட்டம் கூறுமளவு தெளிவாக வேறெதுவும் கூறவில்லை. அது ஏட்டில் உறங்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

இளந்தோழர்களே! குலக்கல்வியை வீழ்த்தியது முழக்கம் மட்டும் அன்று. அரைநாள் பள்ளியின் விளைவை ஒவ்வொரு தாய்க்கும் எடுத்துரைத்த உழைப்பும்தான். இன்றும் பத்தாம் வகுப்போடு நின்று, கிடைத்த கூலிக்கு ஓடும் பிள்ளைகள் நம் தெருவில் உண்டு. நம் படிப்பகங்களில் செய்தித்தாளுக்குப் பக்கத்தில் தொழிற்பயிற்சி நிலையத்தின் விண்ணப்பமும் இருக்கட்டும். அதை நிரப்பத் தெரியாத பெற்றோர்க்கு நிரப்பித் தாருங்கள். ஆணுக்கு மட்டும் அன்று, பெண்ணுக்கும் பொறியியல் பிரிவைக் காட்டுங்கள். பயிற்சி முடித்தவரை நிரந்தரமற்ற ஒப்பந்தக் கூலியாகவே வைத்திருக்கும் ஆலையிலே, சங்கம் அமைக்கத் துணை நில்லுங்கள். எந்த அரசு எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை வரும் வரை கேளுங்கள்!