நிரப்புப் புரதங்களும் மனித நோய்களும்

நிரப்புப் புரதங்கள் என்பவை மனிதக் குருதியிலும் உயிரணுக்களின் மேற்பரப்பிலும் காணப்படும், நோய்க்கிருமிகளை அழிக்க உதவும் புரதங்களின் தொகுதி ஆகும். இத்தொகுதியில் 30-க்கும் மேற்பட்ட புரதங்கள் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை கல்லீரலில் உருவாகின்றன. வழக்கமாகச் செயலற்று இருக்கும் இப்புரதங்கள், கிருமி நுழைந்தவுடன் ஒன்றையொன்று தூண்டித் தொடர்வினையாகச் செயற்படத் தொடங்குகின்றன. இவை குறைந்தாலும் நோய் உண்டாகும். கட்டுப்பாடு இழந்து மிகையாகச் செயற்பட்டாலும் நோய் உண்டாகும். இந்தியக் குழந்தைகளிடம் காணப்படும் ஒருவகைச் சிறுநீரகச் செயலிழப்பு, இரண்டாவது நிலைக்கு முதன்மையான எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

குருதித் தெளியத்திற்குப் பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்பதும், சூடாக்கினால் அவ்வாற்றல் மறைந்துவிடும் என்பதும் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறியப்பட்டன. பெல்சிய அறிவியலாளர் ஜூல் போர்டே, இவ்வாற்றலுக்கு இரு பொருட்கள் தேவை எனக் காட்டினார். ஒன்று வெப்பத்தைத் தாங்கும் பிறபொருளெதிரி. மற்றொன்று 56 பாகை செல்சியசு வெப்பத்தில் செயலிழக்கும் பொருள். பிறபொருளெதிரியின் பணியை நிரப்பி முடிப்பது என்னும் கருத்தில் பின்னதற்கு இப்பெயரை இட்டவர் செருமானிய அறிவியலாளர் பால் ஏர்லிக் ஆவார். போர்டேவுக்கு 1919 ஆம் ஆண்டிற்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செயல்முறை

இத்தொகுதி மூன்று வழிகளில் தூண்டப்படுகிறது.

மரபு வழி: கிருமியுடன் இணைந்த பிறபொருளெதிரியை சி1 புரதம் பற்றுவதால் தொடங்குகிறது.

லெக்டின் வழி: கிருமியின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூறுகளை லெக்டின் புரதங்கள் இனங்காண்பதால் தொடங்குகிறது.

மாற்று வழி: எத்தூண்டுதலும் இன்றிச் சிறிய அளவில் எப்பொழுதும் நடந்துகொண்டிருக்கிறது.

மூன்று வழிகளும் சி3 என்னும் புரதத்தில் வந்து சேர்கின்றன. சி3 பிளவுறும்போது உண்டாகும் ஒரு துண்டு கிருமியின் மேல் படிந்து, விழுங்கணுக்களுக்கு அதை அடையாளம் காட்டுகிறது. மற்றொரு துண்டு அழற்சியைத் தூண்டுகிறது. இறுதியில் சி5 முதல் சி9 வரையிலான புரதங்கள் ஒன்றுசேர்ந்து கிருமியின் மென்சவ்வைத் துளைக்கின்றன.

மாற்று வழி எப்பொழுதும் இயங்குவதால், உடலின் சொந்த உயிரணுக்களுக்கும் தீங்கு நேரக்கூடும். எச் காரணி, ஐ காரணி, சிடி46, சிடி55, சிடி59 முதலிய கட்டுப்பாட்டுப் புரதங்கள் இதைத் தடுக்கின்றன.

குறைபாட்டால் வரும் நோய்கள்

* சி3 குறைபாடு: சீழ் உண்டாக்கும் பாக்டீரியாத் தொற்றுகள் மீண்டும் மீண்டும் ஏற்படும்.
* சி5 முதல் சி9 வரையிலானவற்றின் குறைபாடு: மெனிங்கோகாக்கசு பாக்டீரியாவால் மூளையுறை அழற்சி வரும் வாய்ப்பு மிகும்.
* சி1, சி2, சி4 குறைபாடு: லூப்பசு எனப்படும் தன்னெதிர்ப்பு நோய் வரும் வாய்ப்பு மிகும்.
* சி1 தடுப்பிக் குறைபாடு: முகம், குடல், குரல்வளை ஆகியவற்றில் திடீர் வீக்கம் உண்டாகும். குரல்வளை வீங்கினால் மூச்சடைத்து இறப்பு நேரலாம்.

மிகைச் செயற்பாட்டால் வரும் நோய்கள்

தொண்டைப் புண் அல்லது தோல் சிரங்கில் ஸ்ட்ரெப்டோகாக்கசு தொற்று ஏற்பட்ட சில வாரங்களில், குழந்தைகளுக்குச் சிறுநீரக அழற்சி வருவதுண்டு. அப்போது சி3 பெருமளவில் செலவழிந்து குருதியில் குறைகிறது. பெரும்பாலும் 8 வாரங்களுக்குள் அது பழைய அளவிற்குத் திரும்பும். திரும்பாவிடில் வேறு சிறுநீரக நோய் உள்ளதா என ஆராய வேண்டும்.

சிவப்பணுக்களின் மேல் சிடி55, சிடி59 ஆகியவை இல்லாதபோது, நிரப்புப் புரதங்கள் அவற்றைச் சிதைத்துக் குருதிச்சோகையை உண்டாக்குகின்றன. முதியோரின் பார்வையைப் பறிக்கும் விழித்திரை மையச் சிதைவுக்கும் எச் காரணி மரபணுவின் ஒரு மாறுபாட்டிற்கும் தொடர்பு உண்டு என்பது 2005 இல் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தது.

இந்தியக் குழந்தைகளும் எச் காரணியும்

சிவப்பணுக்கள் சிதைதல், குருதிச் சிறுதட்டுகள் குறைதல், சிறுநீரகம் திடீரெனச் செயலிழத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது குருதிச்சிதைவு யுரேமிய நோய்த்தொகை எனப்படும். தென்னிந்தியாவில் ஒரு காலத்தில் சீதபேதி இதற்கு முக்கியக் காரணமாக இருந்தது. சிகெல்லா பாக்டீரியாவால் சீதபேதி கண்ட தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இந்நோய் வந்ததை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1978 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் பதிவு செய்தனர். சிகெல்லா சீதபேதி குறைந்த பின்னரும் இந்நோய் மறையவில்லை. நிரப்புப் புரதங்களால் உண்டாகும் வகை முன்னிலைக்கு வந்தது.

இவ்வகையில் நோயாளியின் உடலே எச் காரணிக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது. எச் காரணி செயலிழப்பதால், நிரப்புப் புரதங்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்குகின்றன. அங்கே குருதி உறைந்து அடைப்பு ஏற்படுகிறது. பிரான்சு ஆய்வாளர்கள் 2005 இல் இதை முதன்முதலாக விவரித்தனர். ஐரோப்பிய நோயாளிகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரிடமே இது காணப்பட்டது. ஆனால் புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழக மருத்துவர்கள் பல மருத்துவமனைகளுடன் இணைந்து நடத்தி 2014 இல் வெளியிட்ட ஆய்வில், இந்நோய்த்தொகை கண்ட இந்தியக் குழந்தைகளுள் 56 விழுக்காட்டினரிடம், அதாவது 138 குழந்தைகளிடம், இப்பிறபொருளெதிரி இருந்தது. இவர்களுள் பெரும்பாலோருக்கு எச் காரணியை ஒத்த ஒரு புரதத்திற்கான மரபணு, தாய் தந்தை இருவழியிலும் இல்லாதிருந்தது. எனினும் அம்மரபணு இல்லாத அனைவருக்கும் நோய் வருவதில்லை.

பள்ளி வயதுக் குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். வெளிறிய தோற்றம், சிறுநீர் குறைதல் அல்லது கருஞ்சிவப்பாதல், முகவீக்கம், உயர் குருதியழுத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள். தொடக்கத்தில் காய்ச்சல் அல்லது வாந்தி இருக்கலாம் என்பதால், நோயை இனங்காண்பதில் காலம் தாழ்வதுண்டு.

மருத்துவம்

சி5 புரதத்தைத் தடுக்கும் எக்குலிசுமாப் என்னும் மருந்துக்கு, சிவப்பணுச் சிதைவு நோய்க்காக 2007 இலும், இந்நோய்த்தொகைக்காக 2011 இலும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இம்மருந்து சி5-ஐச் செயலிழக்கச் செய்வதால், முன்னதாக மெனிங்கோகாக்கசு தடுப்பூசி இடுவது கட்டாயமாகும். இதன் விலை மிக அதிகம். பெரும்பாலான இந்தியக் குடும்பங்களால் இதைப் பெற இயலாது. பி காரணியைத் தடுக்கும் இப்டகோபான் என்னும் வாய்வழி மருந்து, சிவப்பணுச் சிதைவு நோய்க்காக 2023 இல் ஒப்புதல் பெற்றது.

எச் காரணிக்கு எதிரான பிறபொருளெதிரியால் வரும் நோய்க்கு, விலை குறைந்த வேறு வழி உண்டு. நோயாளியின் குருதி நீர்மத்தை வெளியேற்றிக் கொடையாளரின் நீர்மத்தைச் செலுத்துவதால், தீங்கு செய்யும் பிறபொருளெதிரிகள் நீங்குகின்றன. ஸ்டீராய்டு முதலிய நோயெதிர்ப்பு ஒடுக்கிகள் அவை மீண்டும் உருவாவதைக் குறைக்கின்றன. இவ்விரு முறைகளையும் சேர்த்து விரைவில் தொடங்கிய குழந்தைகளின் சிறுநீரகங்கள் காப்பாற்றப்படும் வாய்ப்பு மிகுதி என 2014 ஆய்வு காட்டியது. நோய் மீண்டும் வரக்கூடும் என்பதால், பிறபொருளெதிரியின் அளவைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். இவ்வளவு உயர்ந்திருக்கும்போது மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால், அதையும் நோய் தாக்கக்கூடும்.