பட்டாளத்தில் பேசாத பேச்சு

பாபநாசத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாக அம்பாசமுத்திரம் போகும் சாலையில், பட்டாளக் கனவோடு விடியுமுன் ஓடும் பிள்ளைகளுக்குச் சில கணக்குகள் மனப்பாடம். 1.6 கிலோமீட்டர் ஓட்டம். கம்பியில் தொங்கி 10 முறை எழும்பினால் முழு மதிப்பெண். தாண்ட 9 அடிப் பள்ளம். மூச்சை இழுத்தால் மார்பு 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். யார்மேல் உனக்கு ஈர்ப்பு என்று ஆள்சேர்ப்பு முகாமில் கேட்பதில்லை. ஆண்மீதும்தான் என்றோ, ஆண்மீது மட்டும்தான் என்றோ சேர்ந்தபிறகு ஒருவன் வாய்விட்டுச் சொன்னால்தான் வில்லங்கம்.

இந்த வில்லங்கத்துக்கு மூலப்பத்திரம் எழுதியவர் மெக்காலே. 1834இல் சென்னையில் கரையிறங்கியவர், ஊட்டியில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பெண்டிங்கைப் பார்க்க மலையேறினார். பிறகு மெக்காலே தலைமையிலான சட்டக் கமிஷன் 1837இல் தண்டனைச் சட்ட நகலைத் தயாரித்தது. மற்ற குற்றங்களுக்கெல்லாம் விளக்கமும் உதாரணமும் அடுக்கிய கமிஷன், ‘இயற்கைக்கு மாறான’ உறவு வந்த இடத்தில் மட்டும், இதைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒதுங்கிக்கொண்டது. 1862இல் சட்டம் அமலுக்கு வந்தபோது அது 377ஆம் பிரிவாகியிருந்தது.

அதன் பிடி தளர 156 ஆண்டுகள் ஆயின. 2018 செப்டம்பர் 6 அன்று, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: வயதுவந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல.

நான்கே மாதத்தில், 2019 ஜனவரி 10 அன்று, டெல்லியில் நிருபர்களைச் சந்தித்தார் ராணுவத் தளபதி பிபின் ராவத். ராணுவம் சட்டத்துக்கு மேலானதல்ல; ஆனாலும் தன்பாலின உறவைப் படைக்குள் அனுமதிக்க மாட்டோம் என்றார். எப்படி முடியும்? அரசியல் சாசனத்தின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவோ, ‘இயற்கைக்கு மாறான’ இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. ஊருக்கு விடுதலை கிடைத்தது. பட்டாளத்துக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். ராணுவத்திலிருந்து விலகிய மேஜர் ஜே. சுரேஷ், தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை 2020இல் வெளிப்படையாக எழுதினார். அவர் கதையால் உந்தப்பட்டு இயக்குநர் ஓனிர் ஒரு திரைக்கதை எழுதினார். காஷ்மீரில் பணிபுரியும் ராணுவ வீரனுக்கும் உள்ளூர் இளைஞனுக்கும் இடையிலான காதல். 2022 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் தடையில்லாச் சான்று தர மறுத்தது. ராணுவத்தின் பெயருக்குக் களங்கம், பாதுகாப்புக்கும் சிக்கல் என்று நாடாளுமன்றத்தில் காரணம் சொல்லப்பட்டது.

சட்டத்தை எழுதித் தந்த பிரிட்டன் என்ன செய்தது? ஈர்ப்பைக் காரணம் காட்டி அங்கே படையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 1999 செப்டம்பரில் வென்றார்கள். 2000 ஜனவரி 12இல் தடை நீங்கியது. ஒற்றுமை குலையும் என்று எச்சரித்தார்களே, அப்படி எதுவும் குலையவில்லை. 2023 ஜூலையில் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்தில் மன்னிப்பே கேட்டார். அமெரிக்கா 1993 முதல், நாங்களும் கேட்க மாட்டோம், நீயும் சொல்லாதே என்றொரு ஏற்பாட்டை வைத்துப் பார்த்தது. சொல்லியும் பிடிபட்டும் 13,000க்கு மேற்பட்டோர் வேலையிழந்த பிறகு, 2011 செப்டம்பரில் அதைக் கைவிட்டது.

கட்டுப்பாடு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. கீழே இருப்பவனை அதிகாரி வற்புறுத்தினால் தண்டிக்கத்தான் வேண்டும். அது ஆணானாலும் பெண்ணானாலும் ஒன்றுதான். தண்டனை செயலுக்கு இருக்கட்டும், ஆளின் இயல்புக்கு வேண்டாம் என்பதே வாதம். மறைத்து வாழ்பவனை மிரட்டிக் காரியம் சாதிப்பது எதிரிக்கும் எளிது.

நாளைக்கே 46ஆம் பிரிவைத் திருத்தினாலும் கணக்கு முடியாது. குடும்பக் குடியிருப்பு, குடும்ப ஓய்வூதியம், வீரமரணச் செய்தி முதலில் போகும் வீடு எல்லாமே சட்டம் ஏற்கும் துணையைப் பொறுத்தவை. தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த வழக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)