பெண்பிள்ளையும் பள்ளிக்கூடமும்



சிகாமாட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என ஜோகூர் இரயில் பாதையை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் எழுந்த கதை நமக்குத் தெரியும். தோட்டப் பள்ளிகள் எழுந்த கதையும் தெரியும். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் கூறியது. ஜோகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆயினும் இங்கும் தோட்டப் பள்ளிகள் தோன்றின.

பள்ளி வந்தது. பெண்பிள்ளை அதில் நிலைத்து உட்கார முடிந்ததா? அதுதான் கேள்வி.

முதல் தடை குளிர்க்காய்ச்சல். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் 1897-இல் இந்தியாவில் கண்டார். 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். அந்த வழியைப் பிறகு தோட்டங்களும் பின்பற்றின.

அடுத்தது கொக்கிப்புழு. வெறுங்காலோடு நடக்கும்போது மண்ணிலிருந்து தோலைத் துளைத்து உள்ளே புகும். குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குன்றிய பிள்ளை வகுப்பில் சோர்ந்து தூங்கும். அதைச் சோம்பேறி என்று திட்டியவர்கள் உண்டு. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனத்தின் குழு மலாயாவில் இந்நோயை ஆராய்ந்தது. மருந்து ஒரு பங்கு என்றால், கக்கூசும் காலணியும் மறுபங்கு.

மூன்றாவது தடை வீட்டிலேயே இருந்தது. தாயும் தந்தையும் விடியுமுன் பிரட்டுக்குப் போய்விட்டால், கைக்குழந்தையை யார் பார்ப்பது? மூத்த பெண்தான். ஆயாக்கொட்டகை ஒழுங்காக நடந்த தோட்டங்களில், தம்பியை ஆயாவிடம் விட்டு அக்காள் பள்ளிக்குப் போக முடிந்தது.

நான்காவது தடையைப் பற்றி நாம் வாய் திறந்து பேசுவதில்லை. பெண் வயதுக்கு வந்ததும் சடங்கு செய்கிறோம்; ஊரைக் கூட்டுகிறோம். ஆனால் மாதவிலக்கு ஏன் வருகிறது, துணியை எப்படித் துவைத்து வெயிலில் உலர்த்துவது, வயிற்றுவலிக்கு என்ன செய்வது என்பதைச் சொல்லிக் கொடுக்கிறோமா? அறியாத பிள்ளை அஞ்சுகிறது. மாதந்தோறும் சில நாள் வீட்டில் தங்குகிறது. பாடம் பின்தங்குகிறது. கடைசியில் படிப்பே நின்றுபோகிறது.

தமிழ்நாட்டில் 2012-இல் தொடங்கிய புது யுகம் திட்டம், கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு அணையாடையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசமாகக் கொடுத்தது. பொருளோடு அறிவும் சேர வேண்டும். தாயும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு தாதியிடம் கேட்கும் சுகாதார வகுப்பு அதற்காகத்தான். மாதவிலக்கு நோயன்று, தீட்டுமன்று என்று அங்கே தெளிவாகும். முருங்கைக்கீரை, பயறு, மீன், முட்டை உண்பதும், உணவோடு தேநீர் குடிப்பதைத் தவிர்ப்பதும் இரத்தத்துக்கு நல்லது என்பதையும் அறியலாம்.

பள்ளியில் இருப்பதே உடம்புக்கும் காவல். 2010-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 13 வயதுப் பெண்பிள்ளைகளைப் பள்ளியிலேயே தேடி வந்தது. ஆறாம் வகுப்போடு நின்ற பெண்ணைத் தேடி அது எப்படி வரும்?

2003 முதல் நம் நாட்டில் தொடக்கக்கல்வி கட்டாயம். பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. இடம் மாறினாலும், மகள் திடீரென்று பள்ளிக்குப் போக மறுத்தால் அடிக்கக் கை ஓங்காதீர்கள். முதலில் அவள் உடம்புக்கு என்ன என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் கிளினிக்கிலுள்ள தாதியிடம் அழைத்துப் போங்கள்.

சாக்கடை வெட்டிக் காய்ச்சலை வென்றோம். கக்கூஸ் கட்டிப் புழுவை வென்றோம். இந்தக் கூச்சத்தை வெல்லச் செலவு அதிகமில்லை, நேயர்களே. பேசினால் போதும்.