பிள்ளைகளின் பள்ளிக்காலம் காத்திருப்பதில்லை



குடிமைப் பண்புகள் என்று நாம் சொல்பவற்றைப் பிள்ளைகள் எங்கே கற்கிறார்கள்? பாடநூலில் அதற்கென ஒரு பாடம் உண்டு. காலை வணக்கத்தில் ஓர் உறுதிமொழியும் உண்டு. ஆயினும் தொடக்கப் பள்ளியில் பயிலும் பிள்ளை, தன் அருகில் யார் அமர்ந்திருக்கிறார்கள், யாருக்கு அங்கே இடமில்லை என்பதைக் கண்டே சமத்துவத்தை அறிந்துகொள்கிறது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாற்றில் இரண்டு நகரங்கள் இதை நமக்கு விளக்கிக் காட்டுகின்றன.

முதலாவது, மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ். அம்மாநில அரசுப் பள்ளிகளில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தாருக்கும் தனித்தனிப் பள்ளி என்பதே அன்றைய சட்டம். கத்தோலிக்கப் பங்குப் பள்ளிகளும் பெரும்பாலும் அவ்வழியிலேயே நடந்தன. 1946-இல் அந்நகருக்குப் பேராயராக வந்த ஜோசப் ரிட்டர், மறு ஆண்டே அவ்வழக்கத்திற்கு முடிவு கட்டினார். பங்குப் பள்ளிகள் நிறவேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவரது ஆணை.

வெள்ளையினப் பெற்றோர் பல நூறு பேர் ஒன்றுகூடி அதை எதிர்த்தனர்; நீதிமன்றம் செல்லவும் முனைந்தனர். பேராயர் ஒரு மடல் எழுதி, ஞாயிறு திருப்பலிகளில் அதை வாசிக்கச் செய்தார். வழக்குத் தொடுப்போர் திருச்சபையின் ஐக்கியத்திலிருந்து விலக்கப்படுவர் என்று அதில் எச்சரித்தார். எதிர்த்தவர்கள் வாஷிங்டனில் இருந்த போப்பாண்டவரின் பிரதிநிதியிடம் முறையிட்டுப் பார்த்தனர். அவரும் பேராயருக்கே துணைநின்றார். சில வாரங்களில் எதிர்ப்பு ஓய்ந்தது. அரசுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே செயின்ட் லூயிஸ் பங்குப் பள்ளிகளின் கதவுகள் திறந்துவிட்டன.

இரண்டாவது, லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ். அங்கே பேராயராக இருந்த ஜோசப் ரம்மல், நிறப்பிரிவினை ஒழுக்கத்திற்கு முரணானது, அது பாவம் என்று 1956-இல் வெளிப்படையாக மடல் எழுதினார். தெளிவான போதனை அது. ஆனால் பள்ளிகளின் கதவுகள் அப்போது திறக்கப்படவில்லை. பெற்றோரின் எதிர்ப்பும், அரசியல்வாதிகளின் மிரட்டலும் தடையாக நின்றன.

இதற்கிடையில் 1960 நவம்பரில், நீதிமன்ற ஆணையின்படி அந்நகரின் அரசுப் பள்ளிகளில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் முதல் வகுப்பில் சேர்ந்தனர். அவர்களில் ஒருத்தி ரூபி பிரிட்ஜஸ், வயது ஆறு. கூச்சலிட்ட கூட்டத்தின் நடுவே, கூட்டாட்சி அரசின் காவலர்கள் சூழ அச்சிறுமி பள்ளிக்குள் நடந்தாள். நாட்டின் சட்டம் முந்திக்கொண்டது. பாவம் என்று முன்னரே உரைத்த திருச்சபையின் பள்ளிகள் பின்தங்கின.

1962-இல், 85 வயதில், கண்பார்வை மங்கிய நிலையில், ரம்மல் இறுதியாக ஆணையிட்டார். வெளிப்படையாக எதிர்த்த மூவரை ஏப்ரல் மாதம் திருச்சபையிலிருந்து விலக்கினார். அவர்களுள் ஒருவர் அரசியல் செல்வாக்கு மிகுந்த லியாண்டர் பெரெஸ். செப்டம்பரில் பள்ளிகள் எல்லாருக்கும் திறந்தன. முதிர்ந்த வயதில் அவர் காட்டிய உறுதி மதிக்கத்தக்கது.

ஆயினும் ஒரு கணக்கை எண்ணிப்பாருங்கள். 1956-இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, 1962-இல் ஆறாம் வகுப்பை முடித்திருக்கும். மக்கள் மனம் பக்குவப்படட்டும் என்று பெரியவர்கள் பொறுத்திருந்த காலம் ஒரு பிள்ளையின் தொடக்கக் கல்விக் காலம் முழுவதையும் விழுங்கிவிட்டது. அந்த ஆறு ஆண்டுகளும் வகுப்பறைகளில் நீதியும் அன்பும் பற்றிய பாடங்கள் நடக்காமல் இருந்திருக்குமா? வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை ஒன்றைக் கற்றது. உள்ளே இருந்த பிள்ளை வேறொன்றைக் கற்றது. ஆசிரியர் கற்பிக்க நினைத்தது இவ்விரண்டில் எதுவுமன்று.

யாக்கோபு தமது நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியில் இடமும் தருகிற ஒரு சபையைக் கடிந்துகொள்கிறார். அங்கே அவர் ஆராய்வது அவர்களுடைய விசுவாச அறிக்கையை அல்ல, யாரை எங்கே உட்காரவைத்தார்கள் என்பதையே. விசுவாசம் வெளிப்படுகிற இடம் அதுவென்று அவர் கண்டார்.

அன்பானவர்களே, நிறம் என்ற சொல்லின் இடத்தில் நம் ஊரில் பிள்ளைகளைப் பிரிக்கிற சொல்லை வைத்து, இவ்வரலாற்றை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். உங்கள் பிள்ளை பள்ளியில் யாரோடு அமர்ந்து உணவைப் பகிர்ந்துகொள்கிறது, யாருடைய வீட்டுக்குப் போக நீங்கள் அனுமதிக்கிறீர்கள் என்று இவ்வாரம் கேட்டறியுங்கள். திருத்தவேண்டியது இருந்தால் இந்தக் கல்வியாண்டிலேயே திருத்துங்கள். அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும்.

கர்த்தர் உங்கள் இல்லங்களையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.