போய் வருகிறோம்: முதிர்ந்த ராக் குழுக்கள் விடைபெற்ற வரலாறு

தமிழில் "போகிறேன்" என்று சொல்லி விடைபெறும் வழக்கம் இல்லை. "போய் வருகிறேன்" என்றுதான் சொல்வோம். இறப்பு வீட்டில் மட்டும் அதையும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவோம். 'விடை' என்னும் சொல்லுக்கு அனுமதி என்பதும் ஒரு பொருள். ஆகவே விடைபெறுதல் ஒருவர் தனித்துச் செய்துவிடக்கூடிய செயலன்று; விடை கொடுப்பவரும் வேண்டும். மொழியியல் வகுப்பில் படித்த இந்தச் சிறு செய்தி, சில மாதங்களாக முற்றிலும் வேறோர் இடத்தில் என்னைத் தொடர்ந்து வருகிறது: மேற்கத்திய ராக் இசைக்குழுக்களின் விடைபெறல் அறிவிப்புகளில்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் பிளாக் சப்பாத் குழு தன் இறுதி நிகழ்ச்சியை நடத்தியது. தொடக்ககால உறுப்பினர் நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரே மேடையில் கூடினர். பார்க்கின்சன் நோயால் நிற்க இயலாத ஆஸி ஆஸ்போர்ன், அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தே பாடினார். பதினேழு நாள் கழித்து, 76ஆம் வயதில் இறந்தார். அதன் பதிவை விடுதியில் பார்த்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர், "இந்த வயதில் இவரை எதற்கு மேடையேற்றுகிறார்கள்?" என்று கேட்டார். பரிவோடு கேட்ட கேள்விதான். ஆனால் அதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடந்தன. பாடுவதை எப்போது நிறுத்துவது என்பது ஒன்று. ஊர் ஊராகச் சென்று பாடுவதை எப்போது நிறுத்துவது என்பது மற்றொன்று. ஆஸ்போர்ன் அன்று மேற்கொண்டது சுற்றுப்பயணம் அன்று. தான் வளர்ந்த ஆஸ்டன் பகுதியில், ஒரே ஒரு நாள், தனக்கு இயன்ற சில பாடல்களைப் பாடினார். இவ்விரு கேள்விகளையும் பிரித்துப் பார்த்தால் அறுபது ஆண்டுக்கால வரலாறு வேறுவிதமாகத் தெரிகிறது.

முதலில் பிரித்துப் பார்த்தவர்கள் பீட்டில்ஸ் குழுவினர். 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பதினொரு பாடல்களை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் பாடி முடித்து இறங்கினர். அதன்பின் கட்டணம் பெற்று அவர்கள் மேடையேறவே இல்லை. அது கடைசி நிகழ்ச்சி என்று கூட்டத்திற்குச் சொல்லப்படவும் இல்லை. இறப்பு வீட்டிலிருந்து வருவதுபோல வந்துவிட்டார்கள். அவர்களுள் மூத்தவரான ரிங்கோ ஸ்டாருக்கு அப்போது 26 வயது. கூச்சலில் தாம் வாசிப்பது தமக்கே கேட்கவில்லை என்பது ஒரு காரணம். அம்மாதமே வெளிவந்திருந்த 'ரிவால்வர்' இசைத்தட்டின் ஒரு பாடலைக்கூட அந்தப் பயணத்தில் அவர்கள் பாடவில்லை என்பது இன்னும் ஆழமான காரணத்தைச் சுட்டுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான இசை, அன்றைய மேடைக் கருவிகளுக்கு அடங்காததாகிவிட்டது. இசை முன்னே சென்றது; பயணம் பின்தங்கியது. ஓய்வு என்பதை வயதோடு மட்டும் பிணைத்துப் பேசுவோர் இந்த இருபத்தாறு வயதுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

பீட்டில்ஸ் சொல்லாமல் சென்றார்கள். அடுத்து வந்தவர்கள் சொல்லிவிட்டுச் சென்றார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். தி ஹூ குழு 1982இல் 'விடைபெறும் சுற்றுப்பயணம்' என்று அறிவித்து, டிசம்பரில் டொராண்டோவில் முடித்துக்கொண்டது. 1989இல் வெள்ளிவிழாவின் பெயரால் மீண்டும் புறப்பட்டது. 2025இல் வட அமெரிக்காவுக்கு மறுபடி ஒரு விடைபெறும் பயணம். ஆஸ்போர்ன் தனிப்பாடகராக 1992இல் 'இனிப் பயணங்கள் இல்லை' என்று பொருள்படும் பெயரில் சுற்றி வந்தார்; அப்போது அவருக்குக் கடும் நரம்பு நோய் இருப்பதாக மருத்துவர்கள் தவறாகக் கணித்திருந்தனர். 2018இல் அதே பெயரோடு 'இரண்டு' என்னும் எண்ணைச் சேர்த்து இன்னொரு பயணம் தொடங்கினார். 'இனி இல்லை' என்பதற்கு இரண்டாம் பாகம் இருக்க முடியுமா என்பது இலக்கண ஆசிரியர்களுக்குரிய கேள்வி. ஈகிள்ஸ் குழு இவ்விடத்தில் நேர்மையாக நடந்துகொண்டது என்றே சொல்வேன்: தன் விடைபெறும் பயணத்திற்குத் தொடக்கத்திலேயே 'ஒன்று' என்று எண்ணிட்டுவிட்டது.

மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், சொல்வதனாலேயே செயல் நிறைவேறிவிடும் கூற்றுகளைப் பற்றிப் பேசினார். வாக்களித்தல், பெயரிடுதல், பதவி விலகுதல் ஆகியவை அத்தகையவை. அவை உண்மையா பொய்யா என்று கேட்பதில் பொருளில்லை. பலித்தனவா பலிக்கவில்லையா என்றே கேட்கவேண்டும். சொல்பவருக்கு அதற்கான அதிகாரம் இருக்கவேண்டும், உள்ளத்தில் அந்நோக்கம் இருக்கவேண்டும் என்பன அவர் வகுத்த நிபந்தனைகளுள் சில. ராக் குழுக்களின் விடைபெறல் இவ்வகைக் கூற்று என்பதை மட்லி க்ரூ குழுவினர் அறிந்திருந்தார்கள் போலும். வெறும் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள் என்று 2014 ஜனவரியில் செய்தியாளர் முன்னிலையில் சட்டப்படி ஒப்பந்தமே எழுதிக் கையொப்பமிட்டனர்: 2015 முடிந்தபின் அப்பெயரில் சுற்றுப்பயணம் இல்லை என்று. 2015 டிசம்பர் 31 இரவு லாஸ் ஏஞ்சலிஸில் கடைசி நிகழ்ச்சியும் நடந்தது. 2019இல் அந்த ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்ப்பதாக ஒரு காணொளியை வெளியிட்டுத் திரும்பினார்கள். ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர்களே அதை விலக்கிக்கொள்ளவும் உரியவர்கள், சட்டப்படி குற்றமில்லை. ஆனால் கடைசி என்று நம்பிச் சீட்டு வாங்கியவர்கள் அந்தத் தாளில் எங்குமே இடம்பெறவில்லை.

இந்த நாணயக் குறைவைத் தனிமனிதர் பேராசையாக மட்டும் காண்பது வரலாற்றுக்கு நியாயமாகாது. இசைத்தட்டு விற்ற காலத்தில் சுற்றுப்பயணம் பெரும்பாலும் தட்டுக்கு விளம்பரமாக இருந்தது. 1999இல் நாப்ஸ்டர் வந்தபின் இந்த உறவு தலைகீழாயிற்று. டேவிட் போவி 2002இலேயே, பதிவிசை குழாய்த் தண்ணீர் போல ஆகிவிடும், கலைஞர்கள் ஓயாமல் பயணம் செய்ய ஆயத்தமாக வேண்டும் என்ற கருத்தைச் சொல்லியிருந்தார். பொருளியலாளர் ஆலன் க்ரூகர் சில ஆண்டுகளில் நுழைவுச்சீட்டு விலையேற்றத்தை விளக்க இக்கருத்தைப் போவியின் பெயராலேயே எடுத்தாண்டார். முதியவர்களை மீண்டும் மீண்டும் சாலைக்கு இழுத்தது இந்த மாற்றம்.

இன்னொரு பழைய நூலும் இங்கே பயன்படும். பீட்டில்ஸ் மேடையை விட்டிறங்கிய அதே 1966இல் வில்லியம் பாமோல், வில்லியம் பௌவன் இருவரும் நிகழ்த்துகலைகளின் பொருளியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். ஆலையில் ஓர் ஆளின் உற்பத்தி ஆண்டுதோறும் கூடும். நால்வர் வாசிக்கவேண்டிய இசையை வாசிக்க இருநூறு ஆண்டுக்கு முன்னும் இன்றும் நால்வரே வேண்டும், அதே நேரமே ஆகும் என்பது அவர்கள் வாதம். ராக் குழுவில் இது இன்னும் கடுமை: நால்வர் வேண்டும் என்பதோடு, குறிப்பிட்ட அந்த நால்வரே வேண்டும் என்று கூட்டம் கேட்கிறது. அவர்களோ முதுமையடைகிறார்கள். கிஸ் குழு 2000இல் ஒரு விடைபெறும் பயணமும், 2019 தொடங்கி நான்காண்டுகள் இன்னொன்றும் நடத்திவிட்டு, 2023 டிசம்பரில் நியூயார்க்கில் முடித்த இரவில் கணினி வரைந்த தன் உருவங்களை மேடையில் காட்டியது. பாமோலுக்குக் கிடைத்த விடை அதுதான் என்றால், எனக்கு அது உவப்பாக இல்லை.

'நாங்கள் ஓய்வுபெறுகிறோம்' என்பதில் அந்த 'நாங்கள்' யார்? தமிழில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு உண்டு. கேட்பவரை உள்ளடக்குவது ஒன்று, விலக்குவது மற்றொன்று. விடைபெறல் அறிவிப்பின் 'நாங்கள்' கூட்டத்தை விலக்குகிறது, சரி. குழுவுக்குள்ளேயே சிலரை விலக்கினால் என்ன ஆகும் என்பதற்கு தி பேண்ட் குழுவே சான்று. 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் அக்குழுவின் பிரியாவிடை நிகழ்ச்சி நடந்தது. மார்ட்டின் ஸ்கோர்செசி அதை 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' என்ற படமாக்கினார். பயணத்தை நிறுத்த விரும்பியவர் கிட்டார் வாசித்த ராபி ராபர்ட்சன், வயது 33. பதினாறு ஆண்டுச் சாலை வாழ்க்கை ஆளைக் கொல்லும் என்பது அவர் அச்சம். டிரம்ஸ் வாசித்துப் பாடிய லெவன் ஹெல்ம் அம்முடிவை ஏற்கவில்லை. தன் வரலாற்று நூலில் அந்தக் கசப்பை மறைக்கவும் இல்லை. 1983இல் ராபர்ட்சன் இல்லாமலே மற்றவர்கள் புறப்பட்டார்கள். 1986இல் அப்படியொரு பயணத்தின் நடுவே, புளோரிடாவின் விடுதி அறையில், ரிச்சர்ட் மேனுவல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 42.

ராபர்ட்சனின் அச்சம் பொய்யில்லை. ஹெல்மின் கோபமும் பொய்யில்லை. பாடல்களை எழுதியவர் என்று பெயர் பதிவானவருக்கு உரிமைத்தொகை வந்துகொண்டிருக்கும். வாசித்தவருக்கு வாசித்தால்தான் வருமானம். எப்போது நிறுத்துவது என்ற கேள்வி ஒரே குழுவுக்குள் இருவருக்கு ஒரே கேள்வியாக இருப்பதில்லை. தி ஹூ குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ஜான் என்ட்விசில் 2002 ஜூன் 27 அன்று, பயணம் தொடங்கவிருந்ததற்கு முதல் நாள், லாஸ் வேகஸில் இறந்தார். சில நாளில் வேறொருவரை வைத்துப் பயணம் தொடங்கியது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவும் 2021 ஆகஸ்டில் சார்லி வாட்ஸ் இறந்தபின் அடுத்த மாதமே புறப்பட்டது. 2024இல் 80 வயதில் மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் அமெரிக்காவைச் சுற்றியபோது, ஐம்பது வயது கடந்தோருக்கான ஏ.ஏ.ஆர்.பி. என்னும் அமைப்பு அதற்குப் புரவலர். ஜாகர் இன்னும் ஓடுகிறார். ஓட முடிகிறவர் ஓடட்டும். அவரை நிறுத்தச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

லெவன் ஹெல்மின் கதை 1986இல் முடியவில்லை. தொண்டைப் புற்றுநோயில் குரல் இழந்து, மெல்லமெல்ல மீட்டுக்கொண்ட அவர், 2004 முதல் உட்ஸ்டாக்கில் தன் வீட்டோடு ஒட்டிய களஞ்சியக் கட்டடத்திலேயே இரவு நிகழ்ச்சிகள் நடத்தினார். மருத்துவக் கடனை அடைப்பதற்காகத் தொடங்கியது அது. அவர் ஊர் ஊராகப் போவதற்குப் பதில், ஊர் அவரிடம் வந்தது. 2012இல் இறக்கும்வரை வாசித்தார்.

இவ்வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவு ரஷ் குழுவின் நீல் பியர்ட்டுடையது. டிரம்ஸ் வாசிப்பவரின் உடல் மற்றவர் உடலுக்கு முன்பே கணக்குக் கேட்கும். 2015இல் 62 வயதில், தசைநார் அழற்சியோடும் கால் நோய்த்தொற்றோடும் அவர் பயணத்தை முடித்தார். தன் தரத்திற்குக் குறைவாக வாசிக்க அவருக்கு மனமில்லை. வீட்டில் சிறு மகளும் இருந்தாள். விளையாட்டு வீரர் களத்திலிருந்து தாமே விலகவேண்டிய நேரம் ஒன்று உண்டு என்ற கருத்தில் எழுதினார். மற்ற இருவருக்கும் தொடர விருப்பம் இருந்தது. ஆயினும் அவர் இல்லாமல் அப்பெயரில் புறப்படவில்லை. 'இதுவே இறுதி' என்று கூவிச் சீட்டு விற்கவும் இல்லை. நாற்பது ஆண்டுகளாக நிகழ்ச்சி முடிந்ததும் தன் கருவிகளுக்குப் பின்னிருந்தே சென்றுவிடும் வழக்கமுள்ள பியர்ட், 2015 ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் மேடையின் முன்பகுதிக்கு வந்து தோழர் இருவரையும் தழுவிக்கொண்டார். அறிவிப்பு அவ்வளவுதான். 2020 ஜனவரியில் மூளைப் புற்றுநோயால் இறந்தார்.

2025 அக்டோபரில் கெட்டி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும், ஜெர்மானியக் கலைஞர் அனிகா நில்ஸை டிரம்ஸுக்கு அமர்த்திக்கொண்டு, 2026 கோடையில் மீண்டும் ரஷ் என்ற பெயரில் பயணம் செய்யப்போவதாக அறிவித்தார்கள். தொடங்கும் இடம் அதே ஃபோரம் அரங்கு. இதுவும் வாக்குத் தவறலா என்று நண்பர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓய்வுபெற்றவர் பியர்ட் ஒருவரே. மற்ற இருவர் அவருக்காகக் காத்திருந்தவர்கள். அறிவிப்போடு பியர்ட்டின் மனைவியும் மகளும் அதற்குத் தம் ஆதரவைத் தெரிவித்து அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். விடை கேட்கப்பட்டிருக்கிறது, கொடுக்கப்பட்டும் இருக்கிறது.