போட்ட பணத்துக்குக் காவல்

பிளாசிப் போர் நடந்த ஆண்டைக் கேட்டால் உடனே விடை சொல்வீர்கள். ஆர்பத்நாட் கம்பெனி வீழ்ந்த ஆண்டைக் கேட்டால் விழிப்பீர்கள். வரலாறு கற்பித்த நாளெல்லாம் எனக்கு இது ஒரு மனக்குறை.

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அந்தக் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. சென்னையில் வாணிகத்தோடு, மக்களிடம் டெபாசிட் பெறும் தொழிலையும் நடத்திவந்த பழைய ஆங்கிலக் கம்பெனி அது. அதன் இலண்டன் பங்காளி சூதாட்டம் போன்ற முதலீடுகளில் பெரும்பொருளை இழந்திருந்தார். சென்னையில் பணம் போட்டவர்களுக்கு அது எப்படித் தெரியும்? கணக்கைப் பார்க்கும் உரிமையுடைய அதிகாரி எவரும் அன்று இல்லை. பெயரை நம்பினார்கள், பெயர்தான் மிஞ்சியது.

கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் 'சர்' பட்டம் பெற்ற ஆங்கிலேயர் ஒருவர் சிறை புகுந்தது சிறிய செய்தி அன்று. ஆயினும் அத்தண்டனையால் எந்தக் குடும்பத்தின் சேமிப்பும் திரும்பவில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று, 1907 ஆகஸ்டில் இந்தியன் பாங்கைத் தொடங்கினர். போற்றத்தக்க செயல். ஆனால் புதிய பாங்க் பிறந்ததே தவிர, பாங்குகளைக் கண்காணிக்கும் சட்டம் பிறக்கவில்லை.

1935-இல் ரிசர்வ் பாங்க் தோன்றியது. மற்ற பாங்குகளைக் கட்டுப்படுத்தப் போதிய அதிகாரம் அதற்கு இல்லை. 1938-இல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் வீழ்ந்தது. மறு ஆண்டே ரிசர்வ் பாங்க் சட்ட யோசனை ஒன்றை அரசாங்கத்துக்கு அனுப்பியது. உலகப் போர் குறுக்கிட்டது. முழுமையான பாங்கிங் சட்டம் 1949-இல்தான் வந்தது. உரிமம் அளிக்கவும் கணக்குகளைச் சோதிக்கவும் அது ரிசர்வ் பாங்குக்கு அதிகாரம் தந்தது.

அதன் பின்பும் 1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் பாங்க் மூடப்பட்டது. அதன் நிலை சீராக இல்லை என்பதை ரிசர்வ் பாங்க் பல ஆண்டுகளாக அறிந்திருந்தது. மருத்துவர் நாடி பிடித்துக்கொண்டிருக்கையிலேயே நோயாளி மாண்டதற்கு ஒப்பானது இது. சோதனை மட்டும் போதாது, பணம் போட்டவனுக்கே நேரான காப்பு வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வலுப்பெற்றது. அமெரிக்கா 1933-இலேயே இதற்குச் சட்டம் செய்திருந்தது.

நம் நாட்டில் 1962 ஜனவரி முதல் நாளன்று டெபாசிட் இன்ஷூரன்ஸ் நடைமுறைக்கு வந்தது. பாங்க் வீழ்ந்தால் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை கிடைக்கும். பிரீமியத்தைப் பாங்க்தான் கட்ட வேண்டும். பணம் போட்டவர் அன்று. இத்தகைய காப்பு இருந்தால் பாங்க் நடத்துவோர் அலட்சியம் கொள்வர் என்று வாதிடுவோர் உண்டு. அதில் சாரம் இல்லாமல் இல்லை. ஆனால் பாங்க் நடத்துவோரின் அலட்சியத்துக்கு ஒரு கிழவியின் சேமிப்பை ஈடாக வைப்பது எந்த நியாயம் என்று நான் கேட்பேன்.

அவ்வரம்பு படிப்படியாக உயர்ந்து, 1993-இல் 1 லட்சமும் 2020-இல் 5 லட்சமும் ஆயிற்று. இதில் அசலும் வட்டியும் அடங்கும். ஒரே பாங்கின் இரண்டு கிளைகளில் பணம் போட்டிருந்தால் இரண்டும் சேர்த்தே கணக்கிடப்படும். வெவ்வேறு பாங்குகளாயின் தனித்தனியே. எனினும் பாங்கை முறைப்படி கலைக்கும் வரையில் பணத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். பணம் எடுக்க ரிசர்வ் பாங்க் தடை விதித்தால், காப்புத் தொகை 90 நாட்களுக்குள் கைக்கு வர வேண்டும் என்ற திருத்தம் 2021-இல்தான் செய்யப்பட்டது.